யார் பார்க்கிறார்கள்?

“வீட்டில்தானே இருக்கிறேன்; யார் பார்க்கப் போகிறார்கள்?” என்பார் என் நண்பர். 2020ஆம் ஆண்டு அலுவலகங்கள் அடைபட்டு, வேலை வீட்டுக்கே வந்தபோது, மேலே மடிப்புக் கலையாத சட்டையும் கீழே கசங்கிய கைலியுமாகக் கணினிமுன் உட்கார்ந்திருந்தார். மேல்பாதி மேலதிகாரிக்கு, கீழ்ப்பாதி தமக்கு. தமக்கென்று அவர் ஒதுக்கிக்கொண்டது கசங்கலைத்தானே என்று என் மனம் உறுத்தியது.

பதவி பறிபோய், பிளாரன்ஸ் நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில் வாழ்ந்த மாக்கியவெல்லி, 1513 டிசம்பரில் நண்பர் வெட்டோரிக்குக் கடிதம் எழுதினார். பகலெல்லாம் காட்டிலும் சத்திரத்திலும் கழியும். மாலையில் படிப்பறை வாசலிலேயே சேறு படிந்த உடையைக் களைந்து, அரசவை உடை தரித்து உள்ளே போவாராம். அங்கே அவரைப் பார்க்க யார் இருந்தார்கள்? பழைய நூல்கள்தாம்.

நமக்கு அரசவை உடை வேண்டாம். துவைத்து உலர்த்திய பருத்திச் சட்டையும் தளர்வான வேட்டியும் போதும். உடம்புக்கும் சுகம், செய்யும் தொழிலுக்கும் மரியாதை. பிறர் கண்ணுக்கு அஞ்சி உடுத்துவது வேஷம். யாரும் பார்க்காதபோது எப்படி இருக்கிறோமோ, அதுதான் நாம்.

இந்த வரியை எழுதியதும் நானும் எழுந்துபோய் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தேன்.