ஏழு ஆண்டுக் கணக்கு

மைசூரு ஹெப்பாளின் தொழிற்பேட்டைக்கும் இன்ஃபோசிஸ் வளாகத்துக்கும் வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் மதிப்பெண்ணோடு இன்னொன்றும் கேட்கப்படுகிறது: எங்கே, எத்தனை ஆண்டு படித்தாய்? கர்நாடகத்தின் பொதுவிதிக்குக் குறைந்தது 7 ஆண்டு வேண்டும். எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தால் இரண்டாம் பி.யூ.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) முடிய 5 ஆண்டுதான். படிப்புச் சான்றிதழில் வட்டாரக் கல்வி அலுவலரின் மேலொப்பம் இருந்தும் கணக்கு இடிக்கும். பெற்றோர் வழி விதிவிலக்கும் இல்லையென்றால், அரசுக் கல்லூரிகளில் 15 விழுக்காடு அகில இந்திய இடங்களே மிஞ்சும்.

குடும்பம் ஊர் மாறியதில் பிள்ளைக்குப் பங்கில்லை. தான் செய்யாத ஒன்றுக்கு ஒருவர் விலை கொடுப்பது அறமா? மகாபாரதத்தின் அரங்கேற்றக் களத்தில் வில்லோடு நின்ற கர்ணனிடம் கிருபர் குலம் கேட்டார். துரியோதனன் அங்கநாட்டைக் கொடுத்தான். சான்றிதழ் கிடைத்தது, கேள்வி அப்படியே நின்றது.

மாநிலத்தின் நியாயமும் சொத்தையல்ல. அதன் வரிப்பணத்தில் கல்லூரி நடக்கிறது, அதன் கிராமங்களுக்கு மருத்துவர் வேண்டும். ஆனால் யார் கிராமத்தில் தங்குவார் என்பதைப் பள்ளிப் பதிவேடு சொல்லாது. 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் எம்.பி.பி.எஸ். வசிப்பிட ஒதுக்கீட்டை அனுமதித்து வரம்பு கட்டியது. முதுநிலையில் அது செல்லாது என்று 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது.