தாயாக வந்த கைகள்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது, சாஸ்திரம் இட்ட விதிகள் பலவற்றைக் காட்டிலும் ஆழமாக நம்மிடையே வேரூன்றிவிட்ட வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பிறந்தகத்திற்கு அழைத்துச் சென்று, பேறுகாலமும் பத்தியகாலமும் கழிந்த பின்னரே குழந்தையும் கையுமாகப் புக்ககத்திற்கு அனுப்பும் அந்த ஏற்பாட்டின் உட்பொருள், ஓர் உயிர் இரண்டாகப் பிரியும் அபாயமான வேளையில் பெண்ணின் அருகே அவளைப் பெற்றவள் இருக்கவேண்டும் என்பதே. பெற்றவள் வரமுடியாத இடத்தில் பிரசவம் நேர்ந்தால் அவள் இடத்தில் நிற்பவர் யார் என்ற வினாவைக் கடல் கடந்து வாழும் இக்காலத்துக் குடும்பங்கள்தாம் முதலில் எழுப்பின என்று எண்ணுவதற்கில்லை. திருச்சிராப்பள்ளி மலைமேல் அந்த வினா நெடுங்காலமாகக் கோயில் கொண்டிருக்கிறது.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்குலப் பெண் இரத்தினாவதி சிராப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டுக் கருவுற்றிருந்தாள். பேறு பார்க்கப் புறப்பட்ட அவள் தாயைக் காவிரி வெள்ளம் அக்கரையில் நிறுத்திவிட்டது. வலி கண்ட பெண் இறைவனை நினைந்து கதற, ஈசன் அத்தாயின் வடிவிலேயே வந்து பேறு பார்த்து, உண்மைத் தாய் வந்து சேரும்வரை உடனிருந்தான் என்பது தலவரலாறு. வடமொழியில் மாத்ருபூதேசுவரர் என்றும் தமிழில் தாயுமானவர் என்றும் அவனுக்குப் பெயர் வந்தது அவ்வாறுதான். சுகப்பிரசவம் வேண்டி அங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்பவர் இன்றும் உண்டு. சித்திரைத் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்ற நிகழ்ச்சியே நடைபெறுகிறது.

அக்கதையைப் பலகால் கேட்டவர்களும் நின்று சிந்திக்காத ஓரிடம் அதில் உண்டு. வெள்ளத்தைப் படைத்தவனுக்கு அதை வடியச் செய்வது அரிதன்று. வலியை நீக்கிவிடுவதும் அரிதன்று. அவனோ இரண்டையும் செய்யாமல், கைகளை எடுத்துக்கொண்டு வந்து, வியர்வையைத் துடைத்து, உதிரத்தில் நனைந்த சிசுவை ஏந்தி, கொடி அறுத்து, நீராட்டினான். அனுக்கிரகம் ஸ்பரிசமாகவும் உழைப்பாகவும் இறங்கி வந்தது என்பதே அக்கதையின் தத்துவம் என்று நான் கருதுகிறேன்.

இதை எண்ணும்போது நெதர்லாந்து தேசத்தில் இன்று நடைமுறையில் உள்ள ஓர் ஏற்பாடு என் நினைவில் எழுகிறது. ஐந்தோவன், ஆம்ஸ்டெல்வீன் முதலிய ஊர்களில் உத்தியோகத்தின் பொருட்டுக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றில் கருவுற்ற பெண் முதலில் காண்பது மருத்துவரையன்று, மருத்துவச்சியை. சிக்கல் இல்லாத கர்ப்பம் முழுவதும் அங்கே மருத்துவச்சியின் பொறுப்பு. வீட்டிலேயே பெற்றெடுக்கும் வழக்கமும் அந்நாட்டில் அற்றுப்போகவில்லை. மருத்துவமனைக்குச் சென்றவளும், குறையேதும் இல்லையெனில் சில மணி நேரத்தில் வீடு திரும்பிவிடுகிறாள். அதன் பிறகு ஏறத்தாழ எட்டு நாட்கள், 'கிராம்ஸோர்க்' என்ற முறைப்படி, பயிற்சி பெற்ற ஒரு பெண் நாள்தோறும் வீடு தேடி வருகிறாள். அவள் அதிகம் குனியாமல் பணிசெய்ய வசதியாகக் கட்டிலைக் கட்டைகளின்மேல் உயர்த்தி வைத்திருக்க வேண்டும். வயிற்றில் கைவைத்துக் கருப்பை சுருங்குகிறதா என்று பார்க்கிறாள், தையலைக் கவனிக்கிறாள், குழந்தையை நிறுத்து எடை குறிக்கிறாள், பால் கொடுக்கும் பக்குவத்தைக் கற்பிக்கிறாள், கழிவறையைக் கழுவி, துணி துவைத்து, ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து வைக்கிறாள். காண வருவோருக்கு ரஸ்கில் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சோம்பு தூவிக் கொடுப்பது அவ்வூர் மரபு. அதையும் பெரும்பாலும் அவளே செய்து வைக்கிறாள்.

அந்நாட்டில் பிறந்த ஒரே காரணத்தால் அயலார் குழந்தைக்கு அந்நாட்டுச் சட்டம் குடியுரிமை அளிப்பதில்லை; மூன்று நாட்களுக்குள் நகராட்சியில் பிறப்பைப் பதிந்துவிட்டு, இந்தியக் குடியுரிமைக்கு ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தை நாடவேண்டியதுதான். ஆயினும் தன் தேசத்தவள் அல்லாத, தன் மொழியும் அறியாத ஒருத்தியின் உதிரத்தை, ‘நீ யார்’ என்று வினவாமல், நாள்தோறும் வீடு தேடி வரும் அப்பெண் துடைக்கிறாள்.

கூலிக்குத்தானே வருகிறாள் என்பார்கள். காப்புறுதிப் பணத்தில் வருகிறாள் என்பது மெய்தான். ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வருவது அருள் என்றால், எவரும் கூப்பிடுமுன்பே, பிறக்கப்போகும் ஒவ்வொரு சிசுவுக்கும் இரு கைகளை ஒரு சமுதாயம் ஆயத்தம் செய்து வைத்திருப்பதை அருளுக்குப் புறம்பானதென்று எவ்வாறு தள்ளுவது? நம் மருத்துவச்சிகளும் நெல்லும் சேலையும் பெற்றவர்களே. அவர்களுக்கு நாம் செய்தது என்ன என்பதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது. ஊர்தோறும் பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர்குலப் பெண்கள். அக்கைகளில் விழாமல் மண்ணில் விழுந்த குழந்தை அரிது. ஆயினும் அவர்கள் தொட்டது தீட்டு, பேறு நடந்த அறை தீட்டு, பெற்றவளும் புண்ணியாகவாசனம் ஆகும்வரை தீட்டு என்று ஒதுக்கினோம். மலைமேல் ஈசன் இந்தத் தொழிலையே விரும்பி ஏற்றான், இந்த உதிரத்திலேயே கைநனைத்தான் என்று விழா எடுத்துக்கொண்டே, மலையடிவாரத்தில் அத்தொழிலைச் செய்தவளைப் புறக்கடை வழியாக வரச்சொன்னோம். தீட்டு என்ற எண்ணமே அறியாத ஓர் அந்நியப் பெண், ஈன்றவளின் கால்களை வெந்நீரால் கழுவுகையில், தாயுமானவர் கதையை நம்மைவிட அவள் நன்கு பொருளுணர்ந்து ஓதுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. கடவுளே அவள் உருவில் வந்தார் என்று நன்றிப்பெருக்கில் சொல்லிவிடுவது எளிது. அவ்வாறு சொன்னால் அவளுடைய பயிற்சியும் இடுப்புவலியும் கண்விழிப்பும் அவளுடையவை அல்லவென்று ஆகிவிடும். அன்று கடவுள் அவளைப்போல் ஆனார் என்று கொள்வதே அவளுக்கும் கடவுளுக்கும் மரியாதை.

அக்கரையில் நின்ற தாயின் துயரம் இதனால் தீராது. கும்பகோணத்திலோ தென்காசியிலோ லேகியம் கிளறி வைத்துக்கொண்டு, 90 நாள் விசா கிடைக்குமா என்று காத்திருப்பவளிடம் தத்துவம் பேசித் தேற்ற முயல்வது எனக்கு உடன்பாடன்று. தாய் இனி வேண்டாம் என்று ஈசனே எண்ணவில்லை. வெள்ளம் வடிந்து அவள் வந்ததும் இடத்தை விட்டுக்கொடுத்து மறைந்தான். இன்று குறுக்கே நிற்பது மனிதர் எழுதிய சட்டம். பேறு பார்க்கப் போகும் தாய்க்கும் மலர்த்தோட்டம் பார்க்கப் போகும் சுற்றுலாப் பயணிக்கும் ஒரே வகை விசா, ஒரே வரிசை என்று அது வைத்திருப்பது சிறிதும் நியாயமாகப் படவில்லை.