இன்னொருவன் செய்வான்

"நான் செய்யாவிட்டால் இன்னொருவன் செய்யத்தானே போகிறான்?"

இந்தக் கேள்வியின் முன்னால் தோற்றுப் போன நல்லவர்கள் கணக்கில் அடங்கார். திருடச் சொன்னால் அவர்கள் மறுப்பார்கள். பொய்ச் சாட்சி சொல்லச் சொன்னால் காதைப் பொத்திக் கொள்வார்கள். ஆனால், "நீங்கள் மறுத்து என்ன ஆகப் போகிறது? அடுத்த தெருவிலேயே ஆள் இருக்கிறான்" என்று யாராவது மெதுவாகச் சொல்லிவிட்டால் போதும், உறுதி தளர்ந்துவிடுகிறது. தீமை எப்படியும் நடக்கப் போகிறது, அதில் கிடைக்கும் கூலியை நாம் ஏன் இழக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கு சரிதானா என்று என்னை யோசிக்க வைத்தவர் தத்துவ ஆசிரியர் எவரும் அல்லர். காரமடையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மோட்டார் மெக்கானிக்.

காரமடை, கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் உள்ள ஊர். அரங்கநாதர் கோயிலும் மாசி மகத் தேரும் அதற்குப் பெருமை. சுற்று வட்டாரத்துத் தோட்டங்களில் கறிவேப்பிலையும் வாழையும் விளைகின்றன. விடிவதற்கு முன்பே சின்னச் சின்னச் சரக்கு வண்டிகள் பாரம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடும். மேட்டுப்பாளையம் தாண்டினால் நீலகிரி மலைப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். அந்தப் பாதையில் ஏறி இறங்கும் வண்டிக்கு வேறு எது இல்லாவிட்டாலும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒழுங்காக இருந்தாக வேண்டும்.

அன்று பட்டறைக்கு வந்தது ஒரு பழைய பிக்கப் வண்டி. அழகுக்காக அதன் முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளில் சிலவற்றை யாரோ உருவி, வண்டியைத் தாழ்த்தியிருந்தார்கள். பார்வைக்கு, பாயத் தயாராக நிற்கும் காளையைப் போல இருந்தது. மெக்கானிக் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினார். இரு பக்கமும் பிடித்து ஆட்டினார். கடக், கடக் என்று சத்தம் வந்தது. உள்ளே ஒரு பையனை உட்கார வைத்து ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தார். ஸ்டியரிங் கால் வட்டம் சுற்றிய பிறகுதான் சக்கரம் அசைந்தது.

"எப்படீங்ணா இருக்குது?" என்றான் வண்டிக்கார இளைஞன்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது தம்பி. ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும்தான் பேச்சுவார்த்தை இல்லீங்க."

"ஸ்டியரிங் பெட்டி மேல இருக்கற ஸ்குருவை மட்டும் முறுக்கி, கிரீஸ் அப்பிக் குடுத்துருங்ணா. எப்.சி. முடிஞ்சா அன்னூர்ல ஒருத்தரு வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்காருங்க."

"அது என்னால ஆகாதுங்க."

"நீங்க பண்ணலீன்னா வேற ஒருத்தரு பண்ணப் போறாருங்க."

"பண்ணட்டுங்க தம்பி."

இளைஞன் கேட்ட காரியம் இன்னதென்று வாசகர்களுக்கு விளக்க வேண்டும். ஸ்டியரிங்கை நாம் திருப்பினால், அந்தத் திருப்பம் ஒரு பெட்டிக்குள் போய், அங்கிருந்து தண்டுகளின் வழியாகச் சக்கரங்களை அடைகிறது. தண்டுகளின் முனையில் உருண்டை மூட்டுகள் உண்டு. மனிதனின் முழங்கால் போல அவையும் தேய்கின்றன. தேய்ந்தால் ஆட்டம் கொடுக்கும். தேய்ந்த மூட்டை மாற்றுவதுதான் வைத்தியம். அதை விட்டுவிட்டுப் பெட்டியின் ஸ்குருவை இறுக்கினால் கையில் தெரியும் ஆட்டம் சற்றுக் குறையும். மூட்டின் தேய்மானம் அப்படியே இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கிய ஸ்டியரிங், வளைவில் திரும்பிய பிறகு தானாக நேராகவும் மறுக்கும். மேலே அப்பிய கிரீஸ், பார்ப்பவர் கண்ணிலிருந்து தேய்மானத்தை மறைக்கும்.

வண்டியைத் தாழ்த்தியதால் வந்த கேடு இன்னொன்று. ஸ்பிரிங்கின் உயரம் குறையும்போது ஸ்டியரிங் தண்டு இருக்க வேண்டிய சாய்வு மாறிவிடுகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது, ஓட்டுகிறவர் கையை அசைக்காமலே வண்டி தானாக ஒரு பக்கம் திரும்பும். பாரம் ஏற்றினால் அச்சு மேலே போய் முட்டும். மயில் இறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தார். பாரத்தைத் தாங்க வேண்டிய பட்டையையே கழற்றிவிட்டால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ!

அந்த இளைஞனைக் கொடியவன் என்று நான் நினைக்கவில்லை. வண்டிக்கடன் பாக்கி இருந்தது. வீட்டில் தங்கையின் கல்லூரிக் கட்டணம் காத்திருந்தது. வண்டியை முழுமையாகச் சரி செய்தால் விற்கும் விலையில் பெரும் பகுதி அதற்கே போய்விடும். பாதுகாப்பு என்பது பணக்காரனுக்கு மட்டும் கட்டுப்படியாகும் சரக்கா என்று அவன் என்னிடம் கேட்டிருந்தால், சட்டென்று பதில் சொல்லியிருக்க மாட்டேன். அது நியாயமான கேள்வி.

ஆனால் அந்தக் கணக்கில் ஒருவர் விடுபட்டுப் போகிறார். விற்பவன் இருக்கிறான், வாங்குபவர் இருக்கிறார், மெக்கானிக் இருக்கிறார். பால் கேனைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு எதிரே வருகிற மனிதர் எங்கே? அவர் எந்த விலையும் பேசவில்லை, எதற்கும் சம்மதிக்கவில்லை. இந்த வியாபாரம் நடந்ததே அவருக்குத் தெரியாது. ஆபத்தில் பெரும் பங்கு மட்டும் அவர் தலையில் விழுகிறது.

சட்டம் அந்த மனிதரை மறக்கவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 190ஆம் பிரிவு, ஆபத்து விளைவிக்கக்கூடிய குறையுள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதையும், ஓட்ட விடுவதையும் குற்றம் என்கிறது. "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் மட்டும் தப்பிக்க முடியாது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் குறையும் தெரிந்த குறைதான். அறியாமையிலும் இரண்டு வகை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது: ஒன்று இயலாமை, மற்றொன்று கண்ணை மூடிக்கொள்வது.

அமெரிக்காவில் இதைப் பற்றி ஒரு புகழ் பெற்ற வழக்கு நடந்தது. பியூக் கம்பெனியின் காரை ஒரு வியாபாரியிடமிருந்து வாங்கினார் மாக்பர்சன் என்பவர். ஓடிக்கொண்டிருந்தபோது சக்கரத்தின் மர ஆரங்கள் நொறுங்கிக் கார் கவிழ்ந்தது, அவர் காயமடைந்தார். "சக்கரத்தைச் செய்தவர் வேறொருவர். காரை நாங்கள் விற்றதும் வியாபாரிக்குத்தான், உமக்கு அல்ல" என்பது கம்பெனியின் வாதம். 1916இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கார்டோசோ அதை ஏற்கவில்லை. கவனக்குறைவாகச் செய்தால் உயிருக்கு ஆபத்தாகும் பொருளைச் செய்பவனின் கடமை, பணம் கொடுத்தவனோடு நின்றுவிடாது. அதைப் பயன்படுத்தப் போகிறவனையும் எட்டும் என்று தீர்ப்பானது.

இனி, நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். இன்னொருவன் செய்வான் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்த இன்னொருவனிடம் போய்க் கேட்டால் அவன் யாரைக் காட்டுவான்? நம்மைத்தான் காட்டுவான்! பத்துப் பட்டறைக்காரர்களும் மற்ற ஒன்பது பேரைக் காட்டித் தப்பிக்கிறார்கள். எல்லோரும் நம்புவதாலேயே உண்மையாகிவிட்ட பொய் இது. ஒருவர் மறுத்தால், குறைந்தபட்சம் அந்தப் பொய்யில் ஓர் ஓட்டை விழுகிறது.

மறுப்புக்கு வேறொரு பலனும் உண்டு. அந்த இளைஞன் பட்டறைக்கு வரும்போது வண்டியில் "கொஞ்சம் ஆட்டம்" இருப்பதாக மட்டும் அறிந்திருந்தான். மறுத்தவர் அவனையும் வண்டிக்கு அடியில் குனிய வைத்து, தேய்ந்த மூட்டைத் தொட்டுப் பார்க்கச் செய்தார். இனி அவன் எந்தப் பட்டறைக்குப் போனாலும் அந்த அறிவும் கூடவே போகும். தெரியாமல் விற்றேன் என்று தன் மனத்திடம்கூட அவனால் சொல்லிக்கொள்ள முடியாது.

எனினும், வெறுமனே மறுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வது பெரிய அறம் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் கை சுத்தமாக இருந்தால் போதும், சாலை எப்படிப் போனால் என்ன என்பதும் ஒருவகைச் சுயநலமே. அந்த மெக்கானிக் அதோடு நிற்கவில்லை. ஒரு சிகரெட் அட்டையில் வரிசை எழுதிக் கொடுத்தார். முதலில் ஸ்டியரிங் மூட்டுகள். இரண்டாவது, கழற்றிய பட்டைகளைத் திரும்பப் போட்டு வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது. மூன்றாவது, சக்கரங்களின் நேர் பார்ப்பது. பெயின்ட், சீட், விளக்கு அலங்காரம் எல்லாம் காசு இருந்தால். "சாமான் காசு மட்டும் இப்பக் குடுங்க தம்பி. கூலி, வண்டி வித்த பொறகு பாத்துக்கலாம்" என்றார். ஏழையின் பாதுகாப்பு எப்படிக் கட்டுப்படியாகும் என்ற கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான். இருக்கும் காசு எதற்கு முதலில் போக வேண்டும் என்ற வரிசையில்தான் பாதி அறம் அடங்கியிருக்கிறது. மீதிப் பாதியை, கூலிக்குக் காத்திருக்கச் சம்மதித்தவர் கொடுத்தார்.

இளைஞன் அன்று பதில் பேசாமல் போனான். இரண்டு நாள் கழித்து வண்டியைக் கொண்டுவந்து விட்டான். வராமலே போயிருந்தால் மறுத்தது வீண்தானே என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். அப்படி நான் எண்ணவில்லை. மற்றவன் என்ன செய்வான் என்பது நம் கையில் இல்லை. நம் கையில் ஸ்பேனர் இருக்கும்போது அதை எதற்குப் பயன்படுத்துவோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

காரியத்துக்குக் குறுக்கே நிற்பவனை "முட்டுக்கட்டை" என்று ஏசுவது நம் வழக்கம். தேர்த் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் உண்மையான பெருமை தெரியும். வடம் பிடித்து இழுக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் குனிந்து கட்டை போடுகிற சிலரே. தேர் போகும் வீதியில் வேடிக்கை பார்க்கக் குழந்தைகள் நிற்கிறார்கள். அந்தக் குழந்தைகள் முட்டுக்கட்டையை நம்பித்தான் நிற்கிறார்கள்.