மெலினாவின் பணம்

பெரிய திறமை இல்லாத கலைஞன், பட்டினி கிடந்தாலும் மேடையை விட மாட்டேன் என்று இருப்பது சரியா? 'லூச்சி டெல் வரியெத்தா' என்ற இத்தாலிய நகைச்சுவைப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொள்கிறது. 1950இல் அல்பெர்தோ லத்துவாதாவும் ஃபெலினியும் சேர்ந்து இயக்கிய படம். ஃபெலினி இயக்குநரானது இதில்தான்.

ஊர் ஊராகப் போய் ஆடிப் பாடிப் பிழைக்கும் குழு. ரயிலை விட்டு இறங்கினால் வண்டிக்குக் கொடுக்கக் காசில்லை. பெட்டி படுக்கையோடு நடக்கிறார்கள். குழுவில் கோமாளி வேஷம் கட்டும் செக்கோ, வயது ஏறிய பிறகும் தன்னை நட்சத்திரமாகவே நினைக்கிறவன். அவனாக நடிக்கும் பெப்பினோ தெ ஃபிலிப்போ அந்த வீம்பையும் பசியையும் ஒரே முகத்தில் காட்டுகிறார். லிலியானா என்ற அழகி குழுவில் வந்து சேர்கிறாள். ஆடும்போது அவள் பாவாடை நழுவ, கொட்டகையே அதிர்கிறது. வருஷக்கணக்காக உழைத்தவர்களுக்குக் கிடைக்காத கைதட்டல் அது. அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

செக்கோவின் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். உச்சத்தைத் தொட்டவர்கள் மட்டும்தான் ஆட வேண்டும் என்றால் சின்ன ஊர்களுக்கு யார் போவார்கள்? ஆனால் அவன் லிலியானாவுக்காகத் தனிக் கம்பெனி தொடங்கக் கிளம்புகிறான். அதற்குப் பணம் கொடுப்பவள், அவனையே நம்பியிருந்த மெலினா. மெலினாவாக நடிக்கும் ஜூலியெத்தா மசீனாவின் முகத்தைப் பாருங்கள்: எல்லாம் தெரிந்தேதான் கொடுக்கிறாள். லிலியானாவோ பெரிய கம்பெனி கிடைத்ததும் போய்விடுகிறாள்.

படத்தை எடுத்தவர்களும் சொந்தப் பணத்தைத்தான் போட்டார்கள். மசீனா ஃபெலினியின் மனைவி. லிலியானாவாக நடித்த கார்லா தெல் போஜ்ஜோ லத்துவாதாவின் மனைவி. படம் வசூலில் தோற்றது, கடன்தான் மிச்சம். 1963இல், தான் இயக்கிய படங்களை எண்ணி 'எட்டரை' என்று தன் படத்துக்கு ஃபெலினி பெயர் வைத்தபோது, அந்தக் கணக்கில் லத்துவாதாவோடு எடுத்த இந்தப் படம் அரைப் படமாகச் சேர்ந்தது.

கூட்டாளிகளாகச் சேர்ந்து பணம் போட்டுத் தோற்பதில் குற்றம் ஒன்றுமில்லை. தன்னை நம்பியவளின் பணத்தை வாங்கிக்கொண்டு இன்னொருத்திக்காகக் கனவு காண்பது குற்றம். செக்கோ மேடையை விட வேண்டாம். மெலினாவின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆடட்டும்.