பத்து மாத அட்வான்ஸ்

சென்னையில் மாதம் 15,000 ரூபாய்க்கு வீடு தேடும் குடும்பத்திடம் ஒன்றரை லட்சம் ரூபாய் அட்வான்ஸ் கேட்பது நெடுநாள் வழக்கம். இன்று பல இடங்களில் தொகை குறைந்திருக்கிறது, வழக்கம் மறையவில்லை. இந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது.

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றது. அது நடப்பில் இருந்தபோதே பத்து மாத வழக்கம் ஊன்றிவிட்டது. அதற்கு மாற்றாக 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாதம் என்று வரம்பு வைத்தது. ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கையில், வேலைக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் கிடைத்த ஒரே வீட்டுக்காகக் கையெழுத்துப் போடுகிறவர், அந்தத் தொகைக்கு மனமொப்பிச் சம்மதித்தவர் ஆவாரா?

வீட்டுக்காரர் தரப்பை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஓய்வூதியம் இல்லாத ஒரு முதிய பெண்மணிக்கு மாடி வீட்டு வாடகைதான் மருந்துச் செலவு. குடியிருப்பவர் வாடகையை நிறுத்திவிட்டுக் காலி செய்யவும் மறுத்தால் அவர் எங்கே போவார்? பழைய சட்டத்தின் கீழ் வழக்குகள் மேல்முறையீடு, சீராய்வு என்று ஆண்டுக்கணக்கில் இழுத்ததை அவர் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. புதிய சட்டம் வாடகை நீதிமன்றங்களை அமைத்த பிறகும் அந்த அச்சம் விலகிவிடவில்லை. கடைசி மூன்று மாத வாடகையைத் தராமல் ‘அட்வான்சில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். உடைந்த குழாய்க்கும் கட்டாத மின்கட்டணத்துக்கும் அப்போது ஈடாக எதுவும் மிஞ்சாது. அவர்கள் செய்வதும் அநீதிதான்.

ஆனால் அந்த அச்சத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? எந்தத் தவறும் செய்யாத அடுத்த குடும்பம். நீதிமன்றத்தின் தாமதத்துக்கு வாடகை ஒழுங்காகத் தருகிறவர் நகையை அடகு வைத்து வட்டி கட்ட வேண்டியிருக்கிறது. இது நியாயமில்லை. அந்த முதிய பெண்மணி கூடுதலாக ஓரிரு மாத அட்வான்ஸ் கேட்டால் அதைப் புரிந்துகொள்ளலாம். அதற்கு மேல் கேட்பதைக் கையெழுத்து நியாயமாக்கிவிடாது.

தொகையைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. அது பேசப்படுவதே இல்லை. வாங்கிய அட்வான்ஸ் வீட்டுக்காரரின் வருமானம் அல்ல. அது நம்பிக் கொடுத்த பணம், அடைக்கலப் பொருள். அதை எடுத்து மகள் கல்யாணத்துக்கோ மேல்தளம் கட்டவோ செலவழித்துவிட்டு, காலி செய்யும் நாளில் ‘அடுத்த ஆள் வரட்டும், வாங்கித் தருகிறேன்’ என்பது பரவலான நடைமுறை. சட்டப்படி ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும். ஆனால் புது வீட்டுக்காரர் அட்வான்சைக் கையில் வாங்காமல் சாவி தரமாட்டார். ஆகவே வீடு மாறும் குடும்பம் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்கான அட்வான்சைச் சுமக்கிறது. பத்து மாதம் வாங்கி அதைத் தொடாமல் வைத்திருப்பவரைவிட, இரண்டு மாதம் மட்டும் வாங்கிச் செலவழித்துவிட்டவர் அறத்தில் தாழ்ந்தவர் என்றே சொல்ல வேண்டும்.

பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் இதே கணக்கில் சேரும். சுவரில் ஆணி அடித்து ஓட்டையாக்கியிருந்தால் பிடிக்கலாம். ஐந்து ஆண்டு வெயிலிலும் புழக்கத்திலும் மங்கிய சுவருக்கு அந்த ஐந்து ஆண்டின் வாடகை ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டது.

தொகையை வங்கியில் தனி வைப்பாகப் போட்டு, அதன் ரசீது நகலை ஒப்பந்தத்தோடு குடியிருப்பவரிடம் கொடுப்பதில் வீட்டுக்காரருக்கு எந்த நஷ்டமும் இல்லை. வட்டிகூட அவருக்கே சேரட்டும். காலி செய்பவர் புது வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டிய வாரத்தில் அந்தப் பணம் எடுக்கும் நிலையில் இருந்தால் போதும்.