தண்டியடிகளின் கயிறு

 

சென்ற மாதம் தெலுக் பங்லிமா காராங்கில் நடந்த நம் கூட்டு வழிபாட்டில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். நான் சமயச் சொற்பொழிவாளர் இல்லை. சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். அன்று பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

அறுபத்து மூன்று நாயன்மார்களில் தண்டியடிகள் ஒருவர். சமய வகுப்பில் அவர் கதையை எல்லாரும் கேட்டிருப்போம். திருவாரூர்க்காரர். பிறவியிலேயே கண் தெரியாதவர். கோயிலுக்கு மேற்கே உள்ள குளம் தூர்ந்து சுருங்கிக்கொண்டே வந்தது. அதைத் தோண்டிப் பெரிதாக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கண் தெரியாதவர் எப்படிக் குளம் தோண்டுவார்?

சேக்கிழார் அதைத் தெளிவாகச் சொல்கிறார். குளத்துக்குள் ஒரு கட்டையை நட்டார். கரையில் இன்னொரு கட்டை. இரண்டுக்கும் நடுவில் கயிறு கட்டினார். மண்ணை வெட்டிக் கூடையில் போட்டு, கயிற்றைத் தடவிக்கொண்டே கரைக்கு வந்து கொட்டுவார். மறுபடி கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்குவார். இதைப் பொறுக்காதவர்கள் அவருடைய மண்வெட்டியையும் கூடையையும் கட்டையையும் பறித்தார்கள். அவர் இறைவனிடம் முறையிட்டார். பிறகு அரசன் முன்னிலையில் ஐந்தெழுத்தைச் சொல்லிக் குளத்தில் மூழ்கி எழுந்தபோது கண் கிடைத்தது.

சின்ன வயதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிக் காட்சிதான். கண் கிடைத்த அற்புதம். இப்போது எனக்குப் பிடித்தது கயிறு. ஏன் என்று சொல்கிறேன்.

என் தம்பிக்கு வயது 17. பெருமூளை வாதம். நடக்க முடியாது, பேச முடியாது. பசித்தால் ஒரு சத்தம், சந்தோஷம் என்றால் வேறு ஒரு சத்தம். அப்பாவுக்குப் பேக்டரியில் ஷிப்டு வேலை. தம்பியைப் பார்த்துக்கொள்வது அம்மா மட்டும்தான்.

அவனுக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு கோயிலுக்குப் போனோம். எந்தக் கோயில் என்பது வேண்டாம். தீபாராதனை மணி அடித்ததும் அவனுக்கு ஒரே சந்தோஷம், சத்தம் போட்டான். ஒருவர் வந்து, "வெளியே கொண்டு போங்கம்மா, மத்தவங்களுக்கு இடைஞ்சலா இருக்கு" என்றார். வெளியே வந்தால் இன்னொருவர், "போன ஜென்மத்துல என்ன பாவமோ" என்று அனுதாபமாகவே சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கோயிலுக்குப் போகவே இல்லை.

நான் போனேன். பத்து வயதிலிருந்து ஒவ்வொரு திருவிழாவிலும் அன்னதான வாளி தூக்கியிருக்கிறேன். எல்லாரும் "நல்ல பையன்" என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு, செமஸ்டர் லீவில், அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்கு நாள் படுக்கை. தம்பியை நான்தான் பார்த்துக்கொண்டேன். படுக்கைப் புண் வராமல் இருக்க, ராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குப் போய்விடாமல், நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னச் சின்னதாக ஊட்ட வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு முக்கால் மணி நேரம். மூன்றாம் நாள் ராத்திரி அவன் தூங்கவே இல்லை. நான் அவனைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவன் பயந்து அழுதான். அம்மா பக்கத்து அறையிலிருந்து எழ முடியாமல், "கத்தாதய்யா, அவனுக்கு என்ன தெரியும்" என்றார்.

அந்த ராத்திரி எனக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்கே சோறு போட்டேன். என் அம்மாவை ஒரு மணி நேரம் விடுவிக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

கோயில் இறைவனுக்குக் கொடுப்பதைவிட நடமாடும் கோயிலான அடியார்களுக்குக் கொடுப்பது மேல், அது இறைவனுக்கும் போய்ச் சேரும் என்கிறார் திருமூலர். என் தம்பியால் நடமாட முடியாது. அதனால் அவன் கோயில் இல்லை என்று ஆகிவிடுமா? அவனைத் தூக்கி, துடைத்து, ஊட்டுகிற அம்மா அந்தக் கோயிலில் விடாமல் பூசை செய்கிறார். நாம்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது பாவம், வினை என்ற பேச்சுக்கு வருவோம். நம் சமயத்தில் வினைக் கொள்கை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யாருடைய வினைக் கணக்குப் புத்தகமும் நம் கையில் கொடுக்கப்படவில்லை. தண்டியடிகளைப் பார்த்து "இவர் என்ன பாவம் செய்தாரோ" என்று சேக்கிழார் எழுதவில்லை. கண் கிடைப்பதற்கு முன்பே அவர் தொண்டர்தான். ஒரு தாயின் முகத்துக்கு நேரே "பாவம்" என்று சொல்கிறோமே, அதுவும் ஒரு வினை. அது நம் கணக்கில்தான் ஏறும்.

கயிற்றுக்கு வருகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் மேடு மேடாக மஞ்சள் கல் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. கண் தெரியாதவர்கள் காலாலும் கோலாலும் தடவி நடக்க வேண்டிய வழி அந்த மஞ்சள் கல். தண்டியடிகளின் கயிறு அதுதான். ஒருமுறை வடை வாங்கும் அவசரத்தில் என் மோட்டாரை அதன் மேலேயே நிறுத்தினேன். அன்றைக்குக் கட்டையைப் பிடுங்கியவன் நான்தான்.

குடும்பங்களுக்கும் கயிறு வேண்டும். நம் நாட்டில் சில கயிறுகள் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கின்றன. நம்மவர்கள் நிறைய பேருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி சமூக நல இலாகாவில் பதிந்தால் ஓ.கே.யு. அட்டை கிடைக்கும். மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும். எங்கள் வீட்டில் தம்பிக்கு 11 வயது ஆகும்வரை இதைச் செய்யவில்லை. "கார்டு எடுத்தா புள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடும்" என்று அப்பா நினைத்தார். பாட்டியும் அப்படியே. வெட்கத்தால் பல வருடம் போயிற்று.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு இலாகாவில் தனி உதவித்தொகை உண்டு. 2021-இல் அது மாதம் 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்ந்தது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், ஆனால் கேட்டால்தானே பார்ப்பார்கள்? நம் கோல லங்காட் மாவட்டத்துக்கு அலுவலகம் பந்திங்கில் இருக்கிறது. அடுத்தது பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையங்கள். 1984-இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம், இன்று நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பயிற்சி கிடைக்கும். அதைவிட, தன்னைப் போன்ற இன்னொரு தாயை ஒரு தாய் அங்கே சந்திக்கலாம். அவசரம் என்றால் 15999 என்ற தாலியான் காசே எண் 24 மணி நேரமும் இருக்கிறது.

இதெல்லாம் அரசாங்கம் கட்டிய கயிறு. அதன் ஒரு முனை பந்திங்கில் இருக்கிறது. மறுமுனை அந்த அம்மாவின் வீட்டு வாசலில் இருக்க வேண்டும். வாசல் பக்கத்துக் கட்டையை யார் நடுவது? நாம்தான். பாரம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். காரில் கூட்டிப் போய் வரிசையில் கூட நிற்கலாம். நம்மில் எத்தனை பேர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டுப் பழகியவர்கள்!

கோயிலிலும் ஒரு வேலை இருக்கிறது, இது என் பாடத்தில் வருவது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1-க்கு 12 என்ற அளவில் இருக்க வேண்டும். மூன்று படி, மொத்தம் 45 சென்டிமீட்டர் உயரம் என்றால், சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். பலகையைச் சாய்த்துப் போட்டுவிட்டு "செஞ்சாச்சு" என்றால் நாற்காலி கவிழும். அடுத்த உபயத்துக்கு நிதி திரட்டும்போது இதற்கும் ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் மரியாதையாகக் கேட்போம்.

எல்லாவற்றிலும் பெரியது நேரம். பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு வேண்டும். அதற்குப் பணம் தேவையில்லை, பொறுமையாக உட்காரும் ஒரு ஆள் போதும்.

அன்றைய கூட்டத்தில் இதைப் பேசி முடித்ததும் நம் அக்கா ஒருவர், நர்சிங் படிப்பவர், என்னிடம் வந்தார். "சும்மா பேசிட்டுப் போயிடாத தம்பி, சனிக்கிழமை உங்க வீட்டுக்கு நான் வரேன்" என்றார். முதல் இரண்டு சனிக்கிழமை அம்மா பக்கத்திலேயே இருந்து எப்படித் திருப்புவது, எப்படி ஊட்டுவது என்று கற்றுக் கொடுத்தார். மூன்றாவது சனிக்கிழமை அக்காவும் இன்னொரு தோழியும் தம்பியிடம் இருக்க, நான் அம்மாவை மோட்டாரில் கோயிலுக்குக் கூட்டிப் போனேன்.

பதினொரு வருடம் கழித்துப் போகிறார். ஒரு மணி நேரம் இருக்கலாம் என்றுதான் ஏற்பாடு. அம்மா சாமி பார்த்ததைவிடப் போனைப் பார்த்ததுதான் அதிகம். இருபது நிமிடத்தில், "போலாம்யா, மனசு கேக்கல" என்றார். திரும்பும்போது பின்னால் உட்கார்ந்து மெதுவாக ஏதோ பாடிக்கொண்டு வந்தார். அம்மா பாடி நான் கேட்டதே இல்லை.

அடுத்த வாரம் நாற்பது நிமிடம் இருந்தார்.

தண்டியடிகளுக்குக் கண் கொடுத்தது இறைவன். என் தம்பி நடப்பானா, பேசுவானா, அதையும் அவனிடமே விட்டுவிடுகிறேன். உங்கள் தாமானில், உங்கள் வரிசை வீட்டில், கதவு சாத்தியே இருக்கும் ஒரு வீடு இருக்கும். இந்த வாரம் அந்தக் கதவைத் தட்டுங்கள். "ஆன்ட்டி, சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் நான் இருக்கேன், எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்று கேளுங்கள். முதல் தடவை வேண்டாம் என்பார்கள். மறுபடி போங்கள்.

திருச்சிற்றம்பலம்.