கொழுந்து காத்திராது



"எழுத ஆசைதான், முதலில் வேலை முடியட்டும்" என்று சொல்பவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. நெல்லும் சோளமும் விளையும் ஊரில் இந்தப் பேச்சுக்குப் பொருள் இருக்கலாம். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே உழவன் சற்று மூச்சு விடுகிறான். இடைசெவல் கி. ராஜநாராயணன் மழையை நம்பிக் கரிசல் மண்ணில் பயிர் செய்தவர். முப்பது வயதைக் கடந்துதான் எழுத வந்தார். 2021இல் மறையும் வரை எழுத்தாளராகவே வாழ்ந்தார்.

மஸ்கெலியாவில் அப்படியன்று. தேயிலைக்கு அறுவடை முடிந்தது என்ற நாளே கிடையாது. ஒரு மலையில் கொழுந்தெடுத்து முடித்தால், ஏழு முதல் பத்து நாட்களில் அதே செடி மறுபடியும் துளிர்த்து நிற்கும்; விட்டுவிட்டால் முற்றிப்போகும். ஏற்ற இறக்கம் மட்டும் தவறாமல் வரும். தை, மாசி வறட்சியில் கொழுந்து குறையும். வறட்சி கடுமையானால் மவுசாக்கலை நீர்த்தேக்கமும் வற்றி, 1960களின் இறுதியில் மூழ்கிப்போன பழைய நகரத்தின் கோயில் வெளியே தெரியும். அந்நாட்களில் நிறை சேராமல் அரைப் பேர் விழும். சித்திரை மழைக்குக் கொழுந்து பொங்கும். ஞாயிற்றுக்கிழமையும் மலைக்கு அழைப்பு வரும். குறைந்த காலத்தில் கவலை, நிறைந்த காலத்தில் களைப்பு. இதில் எழுதுவதற்கு உகந்த பருவம் எது?

தலவாக்கலைப் பகுதியில் தோட்டத் தொழிலாளியாகவே உழைத்த அமரர் மல்லிகை சி. குமார் அந்தப் பருவத்துக்காகக் காத்திருக்கவில்லை. கவிதை எழுதினார், சிறுகதை எழுதினார், ஓவியமும் தீட்டினார். 'மாடும் வீடும்', 'மனுஷியம்' என்ற நூல்கள் அவர் பெயரைச் சொல்லும்.

ஆனால் கேள்வி இத்துடன் தீரவில்லை. லயத்து அறையில் ஒருவர் கொப்பியை விரித்து உட்காரும் நேரத்தில், பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவருபவர் யார்? விறகு பிளப்பவர் யார்? எழுதுகிற ஒரு மணி நேரத்தை வேறொருவரின் முதுகு சுமக்கிறது. அதைக் களவு என்று சொல்ல மாட்டேன். கடன் என்றே சொல்வேன். கடன் வாங்கியவருக்குப் பொறுப்பு உண்டு. அந்த முதுகைப் பற்றி உண்மையை எழுதுவது ஒரு பொறுப்பு. தன் முறை வரும்போது தானும் குடத்தைத் தூக்குவது மற்றொன்று. இரண்டாவதைச் செய்யாமல் உழைப்பின் பெருமையைப் பாடுகிற கவிஞர்களை நமக்குத் தெரியாதா என்ன!

இந்தக் கணக்கில் எப்போதும் நட்டப்படுபவள் பெண். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பகல் முழுதும் கொழுந்தெடுத்து, நிறுவையில் நின்று, மாலையில் மறுபடி அடுப்படிக்கு வருகிறாள். அவளிடம் சொல் இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, மக்கள் வாயிலிருந்து திரட்டிய பாடல்களை 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார். மறு ஆண்டு காலமானார். இத்தகைய பாடல்களில் தாலாட்டும் ஒப்பாரியும் பெண்கள் கட்டியவை. கையில் வேலை இருந்தபோதே வாயில் பாட்டும் இருந்தது. உட்கார நேரமில்லாதவள் நின்றபடியே படைத்தாள். கட்டியவளின் பெயர்தான் பாட்டுடன் வந்து சேரவில்லை.

இன்று அவளுடைய பேத்தி உயர்தரம் படிக்கிறாள். பள்ளிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் ஏதோ எழுதி மறைத்து வைக்கிறாள். "இதைவிட்டுப் போய்ப் பாத்திரத்தைக் கழுவு" என்ற குரலும் வீட்டில் எழுகிறது. பெற்றோரே, பாத்திரம் கழுவத்தான் வேண்டும். அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இரண்டு கைகள் உண்டு.